கால்நடை

வாரத்தில் ஆறு நாள்
ஈய அங்கி மாட்டிக்கொண்டு
கோரோக் ஆஸ்பத்திரியின் இருட்டறையில்
பிறர் எலும்புகளைப் படமெடுக்கிறேன்.
ஏழாம் நாள் அங்கி ஆணியில் தொங்கும்.
நான் நடப்பேன்.

எங்கே என்று கேட்பார்கள்.
குந்த் ஆற்றோரம் கேட்காமல் விடமாட்டார்கள்.
தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்த ஷோதிபேக்
மண்வெட்டியை ஊன்றி நின்று கேட்டார்.
கூரைமேல் புல் உலர்த்திய தவ்லத்மோ
கூரையிலிருந்தே கேட்டாள்.
சும்மா என்றேன்.
அந்தச் சொல்லை எடுத்துப்போக
என்னிடமிருந்த அரைகுறைத் தாஜிக்கில்
பாத்திரம் இல்லை.

யாராவது இறந்துவிட்டார்களா?
இல்லை.
வண்டி பழுதா?
வண்டியே இல்லை.
அவள் முகத்தில் கவலை கூடக்கூட
எனக்குப் பொறுக்கவில்லை.
இரண்டு விரலை நெற்றியில் நிறுத்தி
மலையைக் காட்டினேன்.

ஆடா! என்றாள்.
அப்பாடா என்றிருந்தது இருவருக்கும்.

பொய்க்கும் அங்க அடையாளம் கேட்கிறது உலகம்.
கறுப்பு என்றேன்.
இடது கொம்பு முறிந்தது என்றேன்
(தொழில் பழக்கம்).

அடுத்த ஞாயிறு
எனக்கு முன்னால் போயிருந்தது என் ஆடு.
ஒவ்வொரு வாசலிலும் அதைத் தெரிந்திருந்தது.
உப்புப் போட்ட பால் தேநீரில்
ரொட்டியைப் பிய்த்துப் போட்டபடி வழி சொன்னார்கள்:
அந்தச் சரிவில் ஏறாதே,
சரளைக்கல் உன்னோடு சேர்ந்து நடக்கும்.
வெந்நீர் ஊற்றுக்கு மேலே பார்,
ஆடுகளுக்கு வெதுவெதுப்பு பிடிக்கும்.
பஞ்ச் ஆற்றைத் தாண்டியிருந்தால்
அது ஆப்கானிஸ்தான் ஆடு, மறந்துவிடு.

வரைபடத்தில் வெறும் பழுப்பாக இருந்த இடமெல்லாம்
ஆட்டின் பொருட்டுத் திறந்தது.
ஒரு கழுத்து வளைவைத் தாண்டினால்
கதவில்லாத கல்வீடு, உள்ளே போன வருடத்துப் பனி.
அதற்கும் மேலே
யாரோ மூன்று கல்லை அடுக்கி வைத்துவிட்டு
இறங்கிப் போயிருந்தார்கள்.
ஆடாக இருந்தால் எங்கே போவேன் என்று
யோசித்து யோசித்து
நானாக இருந்தால் போகாத இடங்களுக்குப் போனேன்.

ஒருமுறை சரளை நகர்ந்தது.
நானும் நகர்ந்தேன்,
ஒரு பேருந்து நீளத்துக்கு இருக்கும்.
நின்ற பிறகு
கால் எலும்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தொட்டுப் பார்த்தேன்.
இருந்தன.
கீழே ஆறு தன் பாட்டில் இரைந்துகொண்டிருந்தது.

ஆடுமாடும் கால்நடை,
வண்டி இல்லாதவன் போவதும் கால்நடை.
இதை தவ்லத்மோவுக்குச் சொல்ல
எனக்கு மொழி போதாது.
சொல்லியிருந்தால்
நான் பொய்யே சொல்லவில்லை என்றாகியிருக்கும்.

அக்டோபரில், முதல் பனி விழுந்த புதன்கிழமை,
எக்ஸ்ரே அறை வாசலில்
கை முறிந்தவர்களின் வரிசையில்
ஷோதிபேக்.
கையில் கயிறு.
கயிற்றின் மறுமுனையில்
கறுப்பாக, இடது கொம்பு முறிந்து,
ஆஸ்பத்திரிச் சுவரொட்டியைத் தின்றுகொண்டு.

எங்கே கிடைத்தது என்று நான் கேட்கவில்லை.
அவர் சொல்லவுமில்லை.
என் கையைத் தன் இரு கைகளுக்குள் வைத்து அழுத்திவிட்டு
மினிபஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.
கொம்பின் முறிவு பழையதா புதியதா
ஒரு பார்வையில் சொல்லிவிடலாம்.
முறிவு பார்த்தே சம்பளம் வாங்குகிறவன்
அன்றைக்கு மட்டும்
பார்க்கவில்லை.

மூன்று இரவு
விடுதிப் பின்கட்டில் கத்தியது.
என் போர்வையில் ஒரு மூலையைத் தின்றது.
கிடைத்துவிட்டதே, இனி எதற்கு நடை
என்று ஊரே நிம்மதியாக இருந்தது.

ஞாயிறு காலை கயிற்றை அவிழ்த்தேன்.
ஒரு கணம் நின்றது.
என்னைப் பார்த்ததாகச் சொல்ல ஆசைதான்,
பார்க்கவில்லை.
ஏறத் தொடங்கியது.

நான் போய்ச் சேரும்போது
தவ்லத்மோ கூரைப் பனியை மண்வாரியால் தள்ளிக்கொண்டிருந்தாள்.
மறுபடியுமா, எங்கே?

மூச்சு வாங்க
இரண்டு விரலை நெற்றியில் வைத்தேன்.
அவள் மண்வாரியாலேயே
மேலே காட்டினாள்.